கருமந்தியின் குரல்

மலை ஏறும் பஸ்ஸில் எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டிருந்தால் குமட்டாது என்று பலர் நம்புகிறார்கள். அதில் உண்மை இல்லை. குமட்டுகிறவர்களுக்குக் குமட்டத்தான் செய்யும். இருந்தாலும் மலையடிவாரம் வந்ததும் ஆளுக்கு ஒரு பழம் கொடுத்துவிடுவேன். வழிகாட்டி கொடுத்தது என்பதற்காக மூக்கில் வைத்துக்கொள்வார்கள். பாதிப் பேருக்கு அதிலேயே சரியாகிவிடும்.

என் பெயர் தவசி. தேனியில் குடியிருக்கிறேன். மனைவி பஞ்சம்மாள், மகள் கஸ்தூரி. எங்கள் மோட்டார் கம்பெனி ஞாயிற்றுக்கிழமைகளில் ஊர் சுற்றிக் காட்டுவதற்கென்றே ஒரு பஸ் விடுகிறது. அதில் இடங்களை எடுத்துச் சொல்கிறவன் நான். காலையில் சின்னமனூர், பாண்டியர் காலத்துப் பழைய பட்டணம். அங்கிருந்து கம்பம், கூடலூர் வழியாக மலை ஏறிக் குமுளி, தேக்கடி. அணை கட்டி மறித்த பெரியாற்றுத் தண்ணீர் அங்கே மலைகளுக்குள் புகுந்து, ஒவ்வொரு பள்ளத்திலும் ஓர் ஏரியாக நிற்கிறது. தோணியில் கூட்டிக்கொண்டு போய், நடுவில் இருக்கும் திட்டில் சாப்பிட வைத்து, பொழுது சாய்வதற்குள் திரும்பிவிடுவேன். சாயங்காலம் திருவிதாங்கூர் எல்லைச் சாவடியில் கதவை அடைத்துவிடுவார்கள்.

ஐயா பொறுமையாகக் கேட்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். போன மாசம் முதலாளி ஒரு கண்டக்டரை வேலையிலிருந்து நிறுத்தினார். என்ன தப்பு என்று சொல்லவில்லை. "நான் ஆபீஸ்ல உக்காந்திருந்தாலும் பஸ்ஸுக்குள்ள எனக்குக் கண்ணு இருக்கு" என்று மட்டும் எங்களிடம் சொன்னார். அதிலிருந்து, ஏறுகிறவர்களில் அந்தக் கண் யார் என்று பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஊர் பார்க்க வருகிறவன் ஊரைப் பார்ப்பான். அந்த ஞாயிற்றுக்கிழமை ஒருவர் என்னையே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஐம்பது வயது இருக்கும். வெள்ளை வேட்டி, வெள்ளைத் துண்டு. தனியாக வந்திருந்தார். பெயர் ஒச்சாண்டி என்றும், கடமலைக்குண்டில் காடுகரை இருக்கிறது என்றும் சொன்னார். காடுகரை வைத்திருப்பவர் தனியாக உல்லாசப் பயணம் வருவாரா என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

பஸ் வீரபாண்டி தாண்டுவதற்குள் ஆரம்பித்துவிட்டார்.

"எத்தன வருசமா இந்த வேலை பாக்குறீக?"

"ரொம்ப வருசமா."

"வேல முடிஞ்சா நேரா வீட்டுக்குப் போயிருவீகளா? இல்ல, கள்ளுக்கடைப் பக்கம் ஒதுங்குற பழக்கம் உண்டா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நானும் சிரித்துக்கொண்டே இல்லை என்றேன். பிறகு அவர் முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ பேசினார். சின்னமனூரில் இறங்கியதும் என்ன கேட்டார் என்று டிரைவரிடம் விசாரித்தேன். "ஒங்களப் பத்தித்தான் கேட்டாரு. கோவக்காரரா, ஆளு எப்பிடின்னு. நல்ல மனுசன்னு சொல்லிருக்கேன்" என்றான். எனக்கு அப்போதே சந்தேகம் தீர்ந்துவிட்டது, முதலாளியின் கண் இவர்தான்.

சின்னமனூர்க் கோயிலில், ராஜா ஒருவர் சிவனைக் கட்டித் தழுவிய தழும்பு லிங்கத்தின்மேல் இருக்கிறது என்று எல்லோருக்கும் சொல்லுவேன். சொல்லும்போது நானும் கைகளை விரித்துத் தழுவிக் காட்டுவேன். பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அன்றைக்கும் அப்படியே சொன்னேன். எல்லோரும் நகர்ந்த பிறகு அவர் மட்டும் நின்றார்.

"அந்தத் தழும்ப நீங்க கண்ணால பாத்திருக்கீகளா?"

"பாத்திருக்கேன்."

"நெசமாவா?"

பொய்தான். ஆனால் என்னிடம் இதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்க வேண்டிய அவசியமும் யாருக்கும் இருந்ததில்லை. அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. மாட்டுத்தாவணியில் மாடு வாங்குகிறவர்கள் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்களே, அந்த மாதிரி.

மலையில் ஏறும்போது ஒரு கைக்குழந்தை என் சட்டைமேல் வாந்தி எடுத்தது. நான் முகம் சுளிக்காமல் துடைத்துக்கொண்டேன். திரும்பிப் பார்த்தால், அவர் அதையும் பார்த்துக்கொண்டிருந்தார். தலையை ஆட்டிக்கொண்டார். எதையோ மனதில் குறித்துக்கொள்கிறார் என்று தெரிந்தது. ஐயா என் இடத்தில் இருந்திருந்தால் என்ன நினைத்திருப்பீர்கள்? ஒரு மனிதன் காலையிலிருந்து உங்கள் ஒவ்வொரு அசைவையும் எடை போட்டுக்கொண்டு வந்தால், அவனை நல்ல எண்ணத்தோடு வந்தவன் என்றா சொல்லுவீர்கள்?

தேக்கடியில் தோணி ஒன்றுதான். ஒரே நடையில் எல்லோரும் போக முடியாது. இரண்டு நடையாகப் போய், இரண்டு நடையாகத் திரும்புவோம். திட்டில் இறங்கியதும் புளிச்சோற்றைப் பிரித்தோம். அவர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் வீட்டு மொச்சைச் சுண்டலை என் இலையில் வைத்தார்.

"வீட்டுல பொம்பளப் பிள்ள இருக்காமே?"

"இருக்கு."

"மகளுக்குச் செல்லம் குடுப்பீகளோ, கண்டிப்போ?"

வீட்டுக்குள்ளும் முதலாளி கையை நீட்டிவிட்டார் என்று நினைத்தேன். என் மகளைப் பற்றி ஒரு வேற்றாள் பேசியதை என்னால் பொறுக்க முடியவில்லை. ஆனால் சண்டை போடுகிற பழக்கம் எனக்கு இல்லை. சுண்டலைச் சாப்பிட்டு முடித்தேன். நன்றாக இருந்தது என்றும் சொன்னேன்.

பிறகு அவரிடம், "திட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு பாறை இருக்கு. அதுமேல உக்காந்தா, எதிர்க்கரையில ஆனைக தண்ணி குடிக்க வர்றதப் பாக்கலாம். கூட்டமாப் போனா வராது. நீங்க மட்டும் போங்க. தோணி வந்ததும் நான் வந்து கூப்புடுறேன்" என்றேன்.

"எனக்கு மட்டுமா?" என்றார். சந்தோஷப்பட்டார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, புதருக்குள் நடந்து போனார்.

முதல் நடை போயிற்று. இரண்டாம் நடையில் நான் கடைசியாக ஏறினேன். தோணிக்காரர் மலையாளத்துக்காரர். அன்றைக்கு அவருக்கு ஏதோ கல்யாணத்துக்குப் போகிற அவசரம். "எல்லாரும் வந்நோ?" என்று கேட்டார். ஆள் எண்ணுவது என் பொறுப்பு. வந்தாச்சு என்றேன். அவர் துடுப்பைப் போட்டார்.

நான் ஒச்சாண்டியைத் தொடவில்லை. தள்ளவில்லை. இதை ஐயா கவனத்தில் வைக்க வேண்டும்.

பாதித் தண்ணீரில் வரும்போது குரல் கேட்டது. முதலில் கொஞ்சம் தயங்கிக் கேட்டது. பிறகு நீளமாக, விட்டு விட்டு. தோணியில் சுருளியம்மாள் என்று உத்தமபாளையத்து அம்மா ஒருவர் இருந்தார். கையைக் காதில் வைத்துக்கொண்டு, "ஆரோ கூப்புடுற மாதிரி இருக்கே, தம்பி" என்றார்.

"கருமந்திக் குரங்கும்மா. பொழுது சாயுற நேரத்துல அது மனுசக் குரல்லயே கத்தும்" என்றேன்.

"அப்பிடியா? பேர் சொல்லிக் கூப்புடுற மாதிரியே இருக்கு."

"புதுசாக் கேக்குறவகளுக்கு அப்பிடித்தான் தோணும்."

எல்லோரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஒரு பையன் அதே மாதிரி கத்திக் காட்டினான். தோணியில் சிரிப்பு. நானும் கருமந்தியைப் பற்றி, அது குட்டியை எப்படிச் சுமக்கும் என்பதெல்லாம் சொன்னேன். அன்றைய பயணத்தில் மற்றவர்களுக்கு மிகவும் பிடித்தது அந்தப் பேச்சுதான் என்று பிறகு டிரைவர் சொன்னான்.

பஸ்ஸில் ஒருவர் குறைகிறாரே என்று டிரைவர் கேட்டதற்கு, குமுளியில் அவருக்குச் சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள், தங்கிவிட்டார் என்றேன். அத்தோடு விட்டுவிட்டான்.

அப்போது என் எண்ணம் இதுதான். ஒரு ராத்திரி அங்கே இருக்கட்டும். குளிரட்டும், கொஞ்சம் பயப்படட்டும். காலையில் யாராவது போய் அழைத்து வருவார்கள். அப்புறம் முதலாளியிடம் எந்தக் கோள் சொல்லவும் அவருக்கு வாய் வராது. யார் போய் அழைத்து வருவார்கள் என்று நான் யோசிக்கவில்லை. தோணிக்காரர் கல்யாணத்துக்குப் போகிறார் என்பது தெரியும். அதையும் இதையும் சேர்த்துப் பார்க்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும்.

திங்கட்கிழமை காலையில் ஓர் அம்மாளும் இருபத்திரண்டு வயதுப் பையனும் என் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். அந்த அம்மாள் பெயர் சங்கிலியம்மாள். பையன் கர்ணன்.

"இவன் அப்பா ஒங்க பஸ்ஸுலதான் வந்தாக. ராத்திரி தேனியில தங்கிட்டு வெள்ளன வந்துருவேன்னாக. காணோம்" என்றார்.

குமுளியில் சொந்தக்காரர் வீட்டில் இறங்கிக்கொண்டார் என்றேன்.

"குமுளியில எங்களுக்கு ஆரும் இல்லையே."

அப்போது பஞ்சம்மாள் என்னை உள்ளே கூப்பிட்டாள். அவள் முகம் வெளுத்திருந்தது. "கஸ்தூரியக் கேட்டு வந்தவுகதான் அவுக. கடமலைக்குண்டுல எங்க அக்கா பாத்து விட்ட சம்பந்தம். பொண்ணோட அப்பா கொணம் எப்பிடின்னு, தெரியாத ஆளா ஒங்க கூட ஒரு நாள் இருந்து பாத்துட்டு வாரேன்னு சொன்னாகளாம். போன தடவ வந்த மாப்பிள்ளை வீட்டுக்காரவுகளத் திருட்டுப் பயலுகன்னு சொல்லி வெரட்டி விட்டீகள்ல? அதான் ஒங்ககிட்டச் சொல்லல" என்றாள்.

ஐயா கேட்கிறீர்கள், அப்போதாவது சொல்லியிருக்கலாமே என்று. சொல்லியிருக்கலாம். ஆனால் எப்படிச் சொல்வது? சம்பந்தி ஆகப் போகிறவரைத் தண்ணீருக்கு நடுவில் விட்டுவிட்டு வந்தேன் என்று, அந்த அம்மாளிடம், முதல் தடவை வீட்டுக்கு வந்திருக்கும்போது? கஸ்தூரியின் வாழ்க்கை என்ன ஆகும்? எந்தத் தகப்பனும் அதைத்தான் முதலில் பார்ப்பான்.

நானே தேடித் தருகிறேன் என்று அவர்களோடு கிளம்பினேன். பையன் வழியெல்லாம் என்னை மாமா என்றே கூப்பிட்டான். குமுளிக் கடைத்தெருவில் ஒவ்வொரு கடையாகக் கூட்டிக்கொண்டு போய் விசாரித்தேன். ஏலக்காய் மண்டி, சாயாக்கடை, வண்டிப்பேட்டை, சாவடி. மதியம் அந்த அம்மாளுக்குக் கஞ்சி வாங்கிக் கொடுத்தேன். ஏரிக்கரைக்கும் கூட்டிப் போனேன். போகாவிட்டால் தப்பாக நினைப்பார்கள். கரையில் தோணி இல்லை. எதிர்க்காற்று அடித்ததால் எந்தச் சத்தமும் இல்லை.

பையன் கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றான். "மாமா, அங்கன, அந்தத் திட்டுல, பட்ட மரத்து மேல வெள்ளையா ஒண்ணு தெரியுதே, என்ன அது?"

எனக்கும் தெரிந்தது. துண்டு. காற்றில் அடித்துக்கொண்டிருந்தது. வேட்டியையும் கிழித்துச் சேர்த்துக் கட்டியிருந்தார் என்று இப்போது சொல்கிறார்கள். எனக்குத் துண்டு மட்டும்தான் தெரிந்தது.

"கொக்கு" என்றேன்.

"அசையுதே?"

"சிறகு ஒணத்துது. ஏரிக் கொக்கு அப்பிடித்தான் விரிச்சுக்கிட்டே உக்காந்திருக்கும்."

அவன் சரி என்று தலையாட்டினான். அம்மாவைக் கைத்தாங்கலாகப் பிடித்துக்கொண்டு திரும்பினான். கம்பம் வரும்வரை அந்தப் பையனை நான் கவனித்துக்கொண்டே வந்தேன். மாப்பிள்ளை எப்படி என்று பார்க்க வேண்டாமா?

செவ்வாய்க்கிழமை பொழுது இறங்கும்போதுதான் தோணிக்காரர் கல்யாண வீட்டிலிருந்து வந்தார். வெள்ளைத் துணியைப் பார்த்துவிட்டுத் திட்டுக்குப் போயிருக்கிறார். திட்டில் ஆள் இல்லை. கரைக்கு வரும் வழியில், தண்ணீருக்குள் நிற்கும் மரக்கட்டை ஒன்றைக் கட்டிப் பிடித்தபடி கிடந்தார். நீந்திக் கரை சேரப் பார்த்திருக்கிறார். உயிர் போய் அரை நாள்கூட ஆகியிருக்காது என்று டாக்டர் சொன்னாராம். அதாவது திங்கட்கிழமை நாங்கள் கரையில் நின்றபோது அவர் உயிரோடு இருந்தார். எங்களைப் பார்த்துமிருக்கலாம். மகனை அடையாளம் தெரிந்திருக்குமா என்று சொல்ல முடியாது. தூரம் அதிகம்.

புதன்கிழமை கர்ணன் போய், மரத்தில் கட்டியிருந்ததை அவிழ்த்துக்கொண்டு, நேராக என் வீட்டுக்கு வந்தான். சத்தம் போடுவான் என்று எதிர்பார்த்தேன். போடவில்லை. அந்தத் துணியை என் முன்னால் வைத்தான்.

"மாமா, இதக் கொக்குன்னு சொன்னீகளே?"

"சொன்னேன்."

"தெரிஞ்சா சொன்னீக?"

தெரிந்துதான் சொன்னேன் என்றேன். அவன் கேட்டவுடன் சொல்லிவிட்டேன். இங்கே ஸ்டேஷனிலும் யாரும் என்னை அடிக்கவில்லை, மிரட்டவில்லை. திட்டில் விட்டுவிட்டு வந்தது நான். குரலைக் கேட்டுக் கருமந்தி என்றது நான். துணியைப் பார்த்துக் கொக்கு என்றதும் நான். அவர் இரண்டு வார்த்தை மனம்விட்டுப் பேசியிருந்தால் முன் பெஞ்சில் உட்கார வைத்துக் கூட்டி வந்திருப்பேன். யாரென்று மறைத்து விசாரிக்க வந்தது அவருடைய தப்பு. அதற்காக இப்போது நான் அவரைக் குறை சொல்லவில்லை.

சொல்ல வேண்டியது ஒன்றுதான் பாக்கி. சங்கிலியம்மாளிடம் ஐயா யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்ல வேண்டும். கஸ்தூரியைக் கர்ணனுக்குக் கொடுக்க எனக்குச் சம்மதம். ஒரு நாள் முழுக்கக் கூடவே இருந்து பார்த்துவிட்டேன். தங்கமான பையன், சொன்னதை நம்புகிறான்.