விளையாட்டின் வாசலில் ஒரு லாரி ஓட்டுநர்

அவைக்குத் தலைமையும் அமைதிக்குப் பொறுப்பும் ஏற்றிருக்கும் தலைவர் அவர்களே! கணினி விளையாட்டுகளை ஆக்கித் தரும் கலைஞர்களே! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் முன்வரிசைப் பெரியோர்களே! கணினியை விட்டுப் பிள்ளைகளை எழுப்ப முடியாமல் கூடவே வந்து அமர்ந்துவிட்ட தாய்மார்களே! அனைவர்க்கும் வணக்கம்.

நான் இயன்முறை மருத்துவர். முடங்கிய கைகால்களைப் பழக்கி எடுப்பவள். "உங்களுக்கு இங்கே என்ன வேலை?" என்கிறீர்களா? இருக்கிறது.

எங்கள் சிகிச்சைக் கூடத்துக்கு ஒரு லாரி ஓட்டுநர் வந்தார். பக்கவாதத்தில் இடக்கை முடங்கியவர். சாலையில் இனி வண்டி ஓட்டக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். பந்தைப் பிடியுங்கள் என்றால், "நான் என்ன பச்சப்புள்ளையா?" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். கணினியில் ஒரு லாரி விளையாட்டை ஏற்றி, மேசையில் ஸ்டியரிங் பொருத்தினேன். பிடித்தார். பிடித்தவர் விடவில்லை! மலையில் வளைத்தார், மழையில் ஓட்டினார், மரத்தில் மோதிவிட்டு என்னைத் திட்டினார். துவண்டு கிடந்த கை, துணிந்து திருப்பும் கையாயிற்று.

ஒரு நாள் மனைவியை வரச் சொன்னார். சலவைக்கூடத்தில் வேலை பார்க்கும் அந்த அம்மா, சாப்பாட்டு இடைவேளையில் ஓடி வந்தார். விளையாட்டு திறந்ததா? திறக்கவில்லை! அதைத் திறந்துவிட வேண்டிய லாஞ்சர் என்னும் செயலி குறுக்கே வந்து நின்றது. புதுப்பிக்கிறேன், பொறு என்றது. பொறுத்தோம். கடவுச்சொல் கேட்டது. கொடுத்தோம். விளம்பரம் காட்டியது. பார்த்தோம். அங்கே கைதட்டும் தம்பி, நீயும் பட்டிருக்கிறாய் போலிருக்கிறது! கடைசியில், நீ மனிதன்தானா, லாரி உள்ள படங்களைத் தொட்டுக் காட்டு என்றது.

"எது லாரின்னு என்கிட்டயே கேக்குறானா?" என்று சீறிய ஓட்டுநர், சுட்டியைப் பிடுங்கி இடக்கையாலேயே அழுத்தினார். தவறு என்றது. மறுபடி அழுத்தினார்.

"என்னங்க, விரல் அசையுதுங்க!" அந்த அம்மாவின் குரல் உடைந்தது.

"அசையிறதக் காட்டவா கூப்பிட்டேன்? ஓட்டுறதக் காட்டத்தான். கொஞ்சம் இரு."

"நேரமாச்சுங்க. லேட்டானா உள்ள விடமாட்டாங்க."

கண்ணைத் துடைத்துக்கொண்டே வேலைக்கு ஓடினார் அந்த அம்மா. அதன் பிறகுதான் விளையாட்டு திறந்தது.

"ஓட்டலையா?" என்றேன்.

"யாருக்கு ஓட்டிக் காட்டுறது, டாக்டரம்மா? அணைச்சிடுங்க."

விரலையாவது பார்க்க வைத்ததே, லாஞ்சருக்கு நன்றி சொல்லக்கூடாதா என்றார் ஒரு நண்பர். கதவு பூட்டியிருந்ததால் சன்னல் ஏறக் கற்றேன் என்று பூட்டுக்கு மாலை போடுவோமா?

ஆக்குவோரே! தனியே ஆடும் ஆட்டத்துக்கு இணையம் எதற்கு? புதுப்பிக்க வேண்டுமா? புதுப்பியுங்கள், ஆடி முடித்த பிறகு! விளம்பரமா? வையுங்கள், வழியில் அல்ல, ஓரத்தில்! வாங்கியவரும் நாம், வாசலில் காத்துக் கிடப்பவரும் நாமா? மனிதர்களுக்குக் கிடைப்பது ஒரு சாப்பாட்டு இடைவேளை. அதைத் தின்னாதீர்கள்!

அந்த ஓட்டுநர் வீடு திரும்பிவிட்டார். சட்டையைத் தானே மாட்டிக்கொள்கிறாராம். அவர் ஓட்டியதை மட்டும் அந்த அம்மா இன்றுவரை பார்க்கவில்லை.

பேசவிட்ட தலைவருக்கும், பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்!