பாதிச் சுவர்

வீட்டுக்குப் பிளான் வரைபவனிடம் யாரும் முதலில் எத்தனை அறை போடலாம் என்று கேட்பதில்லை ஐயா. அனுமதி வாங்காமல் எவ்வளவு கட்டலாம் என்றுதான் கேட்பார்கள். நானும் சிரித்துக்கொண்டே சொல்வேன்: பழைய சுவர் ஒன்றை விட்டுவையுங்கள். அது நிற்கும்வரை மராமத்து வேலை, அனுமதி தேவையில்லை. அதையும் இடித்தால் புதுக் கட்டடம். எல்லையிலிருந்து மூன்றடி தள்ளித்தான் கட்டமுடியும். கேட்டவர்கள் மனம் குளிர்ந்து போவார்கள்.

என் வீட்டிலும் அதையேதான் செய்தேன். அத்தான் போனபிறகு அக்கா எங்களோடு வந்துவிட்டாள். அவளுக்காகப் பின்பக்க அறையைப் புதுப்பித்தேன். மற்றச் சுவர்களெல்லாம் புதுச் செங்கல், எல்லையோரச் சுவர் மட்டும் பழையது. மூன்றடியை விட்டால் அந்த அறையில் கட்டில் போட்டபின் ஆள் திரும்பமுடியாது.

அந்தச் சுவர் வயிறு தள்ளி நின்றது. தட்டினால் உள்ளே பொள்ளலாகக் கேட்டது. தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வாய் இல்லை. அடுத்தவர் வீடாக இருந்தால் அன்றே இடிக்கச் சொல்லியிருப்பேன். இங்கே கெட்டியாகப் பூசி, அக்காவுக்குப் பிடித்த இளம்பச்சை அடித்தேன்.

"சுவத்துக்குள்ள ஏதோ உதிர்ற மாதிரி கேக்குதுடா," என்றாள் ஒரு நாள்.

"எலியா இருக்கும்க்கா."

"நீ சொன்னா சரிதான். இதெல்லாம் தெரிஞ்சவன் நீதானே."

எலிப்பொறி வாங்கிவந்து, அவள் கட்டிலுக்கு அடியில் சுவரை ஒட்டி நானே வைத்தேன். 

விடாமல் மழை பெய்த வாரம், ஒரு மத்தியானம் சுவரின் பாதி அவள்மேல் சாய்ந்தது. மனைவி வேலைக்குப் போயிருந்தாள். ஓடிப்போய்ப் பார்த்தேன். கல்லுக்கு அடியிலிருந்து அக்காதான் எனக்குத் தைரியம் சொன்னாள்.

"பதறாதே தம்பி. காலுதான் மாட்டிக்கிச்சு. யாரையாச்சும் கூப்பிடு."

தீயணைப்புக்காரர்கள் வந்தால், ஆடிக்கொண்டிருக்கும் மீதியை முதலில் தள்ளிவிட்டுத்தான் உள்ளே இறங்குவார்கள். பழசென்று சொல்ல ஒன்றும் மிஞ்சாது. அதனால் கொல்லையில் கிடந்த சாரக் கம்புகளை எடுத்துவந்து மீதிச் சுவருக்கு முட்டுக் கொடுத்தேன். அவசரப்படவில்லை. ஆணி அடிக்கும்போதெல்லாம் அவள்மேல் மண் சரிந்தது.

"வர்றாங்களாடா?"

"வந்துட்டே இருக்காங்கக்கா."

கடைசி முட்டுக் கம்பை இறுக்கி நிமிர்ந்தபோது அவள் எதுவும் கேட்கவில்லை. அதன்பிறகுதான் போனை எடுத்தேன். வந்தவர்களும் சுவர் உறுதியாக இருப்பதைப் பார்த்து அதைத் தொடவில்லை.

சுவரின்மேல் பழி போடவேண்டாம். அக்காவைக் கொன்றது நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஒன்றே ஒன்று ஐயா. அளவெடுக்கப் போகும் உங்கள் ஆட்களை முட்டுக் கம்புகளில் இடித்துக்கொள்ளாமல் நடக்கச் சொல்லுங்கள். அந்தப் பாதியும் விழுந்துவிட்டால், அக்கா அறையை மறுபடி கட்ட அனுமதி வாங்கவேண்டியிருக்கும்.