மேட்டு நிலத்துக்குக் கியரா, செயினா?

அவைக்கு அழகூட்டும் தலைவர் அவர்களே! மேடையில் தலைவர், வீட்டுக்குப் போனால் என் மாமனார். ஆகவே அவருக்கு மட்டும் இரட்டை வணக்கம். அனுபவத்தால் நரைத்த பெரியோர்களே, வேலை கிடக்க வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, டீ எப்போது வரும் என்று வாசலையே பார்க்கும் தோழர்களே, உங்கள் அனைவரையும் வணங்குகிறேன்.

நம் சங்கம் புதிய சுழற்கலப்பை வாங்கப் போகிறது. டிராக்டரின் விசையைக் கத்திகளுக்குக் கொண்டுபோக எது நல்லது, கியரா, செயினா? விடை தேடிக் கடைக்குப் போனது எங்கள் குழு. போய் என்ன செய்தோம்? தலைவர் பெயின்டைத் தடவிப் பார்த்தார். செயலாளர் கத்தியைத் தட்டிப் பார்த்தார். பிறகு கியர் கலப்பை, செயின் கலப்பை இரண்டையும் கடை முற்றத்தில் தூக்கி நிறுத்திச் சும்மா சுற்றவிட்டுக் காது கொடுத்துக் கேட்டோம்! "செயின்தான் மாப்பிள்ளை, சத்தமே இல்ல!" என்றார் மாமா. மண்ணையே தொடாத கலப்பை எதற்கு ஐயா சத்தம் போடப் போகிறது?

என்ன சிரிப்பு அங்கே? அன்று தலையாட்டியவர்களில் நீங்களும் ஒருவர்!

செயினை நான் பழிக்கவில்லை. எடை குறைவு, அறுந்தால் ஒரு கண்ணியை மாற்றி நாமே மாட்டிக்கொள்ளலாம். மாமாவின் மெத்தை மண்ணுக்கு அது தாராளம். அங்கே உழுவதற்குக் குழம்புக் கரண்டியே போதும்! கியரோ கனமானது, கூச்சல் போடும், எண்ணெய் குறைந்தால் கோபித்துக்கொள்ளும். ஆனால் கல்லில் மோதினால் எளிதில் கலங்காது, கழலாது, கைவிடாது!

கல் எங்கே இருக்கிறது? நம் தையல்கார அக்காவின் மேட்டு நிலத்தில். பழைய செயின் கலப்பை அங்கே ஒருமுறை அறுந்தது. அன்றிலிருந்து, எல்லார் வயலும் முடிந்த பிறகே அக்காவுக்கு முறை என்று வைத்தோம். கலப்பை போய்ச் சேர்வதற்குள் ஈரம் போய்விடுகிறது. போன பருவமும் தரிசு. இந்தப் பருவமும் தரிசென்றால் நிலத்தை விற்றுவிடுவதாகச் சொல்கிறார். செயினுக்குச் செல்லம், சகோதரிக்குத் தரிசா? சங்கம் என்ற பெயர் நமக்கு எதற்கு? சொல்லவே எனக்கு வெட்கமாக இருக்கிறது.

என்னக்கா? எழுந்து சத்தமாகச் சொல்லுங்கள். "கியரே வாங்குங்க தம்பி. வாங்கின பிறகும் என்னைக் கடைசியிலதான் நிறுத்துவீங்கன்னா, அது எனக்கு எதுக்கு?"

கேட்டீர்களா? நான் இவ்வளவு நேரம் முழங்கியதில் விட்டுப்போனதை அக்கா ஒரே மூச்சில் சொல்லிவிட்டார். கியரை நம்பலாம், நம்மை நம்பலாமா? மென்மண்ணைப் பார்த்துக் கலப்பை வாங்குவது வசதி. வன்மண்ணைப் பார்த்து வாங்குவதே சங்கம்! கியர் கலப்பை, அதன் முதல் உழவு மேட்டு நிலத்தில். இரண்டுக்கும் சேர்த்தே கை தூக்குங்கள்!

மாமா, அவையே உங்களைத்தான் பார்க்கிறது. "நான் எப்பவோ தூக்கிட்டேன் மாப்பிள்ளை, நீ பேச்சை நிறுத்தினாத்தானே எண்ண முடியும்!"

நிறுத்திவிட்டேன் மாமா. பொறுமையாகக் கேட்ட அனைவருக்கும் நன்றி, வணக்கம். அக்கா, வீட்டுக்குப் போனதும் விதையை எடுத்து வையுங்கள்.