'திறக்கலாம்' என்று சொன்னவன்

முன்சக்கரத்தில் அதிர்ச்சி தாங்கும் காற்று ஃபோர்க் வைத்த மலைச் சைக்கிள்காரர்களுக்கு ஒரு வீண் பயம் உண்டு. காற்றடித்துவிட்டுப் பம்பைக் கழற்றும்போது 'புஸ்' என்று சத்தம் வரும். அடித்ததெல்லாம் போய்விட்டது என்று முகம் தொங்கிப்போகும். போனது பம்புக் குழாயில் இருந்த காற்று. ஃபோர்க்கில் இருப்பது அப்படியே இருக்கும். எத்தனை தடவை சொன்னாலும் மண்டையில் ஏறாது. மறுபடியும் கூடுதலாக அடித்துக்கொண்டு போவார்கள். பிறகு முன்பக்கம் கட்டை மாதிரி இருக்கிறது என்று என்னிடமே வந்து நிற்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். மகளைக் கட்டிய மாப்பிள்ளை என் சைக்கிள் பட்டறைக்கு வந்ததும் அந்த ஆட்களை அவரிடம் தள்ளிவிட்டேன்.

அவர் சிரிக்கச் சிரிக்கப் பேசுவார். "அது ஃபோர்க் விடுற பெருமூச்சுண்ணே. உங்க வெயிட்டப் பாத்து மலைச்சுப் போச்சு" என்பார். என்னிடம் திட்டு வாங்கியிருக்க வேண்டிய ஆள் பல்லைக் காட்டிக்கொண்டு போவான். கொஞ்ச நாளில் வருகிறவர்கள் எல்லாம் என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து, "அவர் இல்லையா?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். நான் என்ன தூணா? ஆனால் அதற்காக நான் இதைச் செய்யவில்லை. அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளை நல்ல மனிதர். குடி கிடையாது, கோபம் கிடையாது, வாய்க்கு வாய் 'மாமா'தான். என் மகளை ஒரு சுடுசொல் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தாலாவது உங்களிடம் பேச எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

என் மனைவி இறந்துபோனபோது மகளுக்குச் சட்டைப் பொத்தான்கூடப் போடத் தெரியாது. இந்தக் கையால்தான் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பினேன். தலையில் கிரீஸ் நாற்றம் அடிக்கிறது என்று கேலி செய்தார்களாம். அழுதுகொண்டு வந்தாள். அன்றைக்கே சோப்பை மாற்றினேன். இன்னொரு கல்யாணம் என்று யாராவது வாயெடுத்தால் எழுந்து போய்விடுவேன். அவள் பட்டறையிலேயே, என் காலடியிலேயே வளர்ந்தாள். கல்யாணத்துக்கு நான் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்றுதான்: மாப்பிள்ளை எங்கள் வீட்டோடு இருக்க வேண்டும். அவரும் சரி என்றார்.

அப்புறம் ஒரு நாள் சாப்பிடும்போது மகள் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, இவருக்கு ஒரு சைக்கிள் ரேஸ் டீம்ல வேலை கெடச்சிருக்கு. நாடு நாடாப் போற வேலை. நானும் கூடப் போறேன்."

"பட்டறை?"

"அதான் நீங்க இருக்கீங்களே."

"நான்?"

"போன் பண்ணுவேன்லப்பா" என்றாள்.

போன் பண்ணுவாளாம். அவர்களைப் போகவிட எனக்கு மனசே இல்லை. உங்களிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது? ஆனால் வாயைத் திறந்து, "நல்ல விஷயம்தானே" என்றேன். இன்னும் கொஞ்சம் போடச் சொல்லிச் சாப்பிட்டேன். மாப்பிள்ளைக்குக் கண் கலங்கிவிட்டது. மாமா மனசு யாருக்கும் வராது என்றார்.

எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. நான் வைத்ததுதான். ஃபோர்க்கைப் பிரிக்கிறவர், காற்று முழுக்கப் போய்விட்டதா என்பதைத் தானே முடிவு செய்யக்கூடாது. இன்னொருவர் வந்து பார்த்து, 'திறக்கலாம்' என்று சொல்ல வேண்டும். வேலை மும்முரத்தில் இருப்பவர் ஏமாந்துபோகலாம். பக்கத்தில் நிற்பவர் ஏமாறமாட்டார்.

அந்த வாரம் ஒரு ஃபோர்க் வந்தது. எவ்வளவு காற்றடித்தாலும் தானாகச் சுருங்கி உட்கார்ந்துகொள்கிறது என்றார் கொண்டுவந்தவர். உள்ளே மேலே ஒரு அறை, கீழே ஒரு அறை இருக்கும். நடுவில் இருக்கும் ரப்பர் தேய்ந்துபோனால் மேலே அடிக்கும் காற்று கீழே இறங்கி அங்கேயே மாட்டிக்கொள்ளும். மேலே காற்றழுத்த மானியை வைத்தால் முள் பூஜ்யம் காட்டும். கீழே காற்று முட்டிக்கொண்டு நிற்கும். இதைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. வெளிக்கால்களை உருவிய பிறகு நடுக்கம்பி வெளியே நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். உள்ளே இழுத்துக்கொண்டிருந்தால் தொடக்கூடாது. அந்த நிலையில், கம்பியைத் தடுத்து நிறுத்தும் அடிவளையத்தை இடுக்கியால் எடுத்தால் கம்பி பாய்ந்து வரும். எதிரே இருப்பது சுவரா, ஆளா என்று பார்க்காது.

மாப்பிள்ளைக்கு இந்தக் கோளாறு பழக்கமில்லை. இதற்கு முன்னால் வந்ததையெல்லாம் நானே சத்தமில்லாமல் சரிசெய்து அனுப்பிவிட்டேன். எல்லாவற்றையுமா தூக்கிக் கொடுத்துவிட முடியும்?

ஆனாலும் அவருக்குச் சந்தேகம் வந்தது. கெட்டிக்காரர், இல்லையென்று சொல்லமாட்டேன். இடுக்கியைக் கையில் வைத்துக்கொண்டு கூப்பிட்டார்.

"மாமா, முள்ளு பூஜ்யத்துலதான் நிக்குது. ஆனா கம்பி உள்ளயே இருக்கே. காத்து இருக்குமோ?"

நான் போய்ப் பார்த்தேன். தொட்டும் பார்த்தேன்.

"கிரீஸ் காஞ்சு ஒட்டிக்கிட்டிருக்கு மாப்ள. திறக்கலாம்."

"அப்பச் சரி மாமா" என்றார். மறு கேள்வி கேட்கவில்லை. நான் ஓரமாக நகர்ந்துகொண்டேன்.

கையைத்தான் நினைத்தேன். மணிக்கட்டு முறிந்தால் டீம் காத்திருக்காது, வேறு ஆளைப் பிடித்துக்கொள்ளும். என் எண்ணம் அவ்வளவுதான். அவர் முகத்தை வேலையோடு ஒட்டிவைத்துத்தான் எதையும் செய்வார் என்பது எனக்குத் தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். தினமும் பார்க்கிறேனே. பாதுகாப்புக் கண்ணாடி ஆணியில் மாட்டியிருக்கும். அன்று அது என் முகத்தில் இருந்தது. இல்லை, நான் அப்போது வேலை எதுவும் செய்துகொண்டிருக்கவில்லை.

கம்பி பாய்ந்து மாப்பிள்ளைக்கு வலது கண் போய்விட்டது. இடது கண்ணில் வெளிச்சம் மட்டும் தெரிகிறதாம். கட்டுப் போட்டுப் படுத்திருந்தபோதும், "மாமா மேல தப்பில்ல, நான்தான் அவசரப்பட்டுட்டேன்" என்றார். எல்லாரும் நம்பினார்கள். மகள் மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்.

"கம்பி உள்ள இருந்துச்சாப்பா?"

மாப்பிள்ளைக்குக் காட்டாததை அவளுக்குச் சின்ன வயதிலேயே சொல்லிக்கொடுத்திருந்தேன். என்னால் அவளிடம் பொய் சொல்ல முடியாது. "ஆமா" என்றேன். அவள் திரும்பி மாப்பிள்ளையிடம் போனாள். அதற்கப்புறம் இன்றுவரை என்னோடு பேசவில்லை. புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். கோபம் இருக்கும். பெண்பிள்ளை, என் பிடிவாதம் அவளுக்கும் இருக்கும்தானே.

ஆனால் ஒன்று பார்த்தீர்களா, அவள் எங்கேயும் போகவில்லை. அதே வீடு, அதே அறை. குடும்பம் சிதறாமல் இருக்கிறது. ஆமாம், காற்று இருப்பது தெரிந்தேதான் 'திறக்கலாம்' என்று சொன்னேன். கொடுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். வெளியே பெஞ்சில் மகள் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்களே, கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள். என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருப்பாள். மாப்பிள்ளையைக் கைப்பிடித்து நடத்த வீட்டில் இன்னொரு ஆள் வேண்டும் அல்லவா?