எந்தத் தொகுதி?

கிள்ளான் போகும் ரயிலில், மேரு கையுறைத் தொழிற்சாலைச் சட்டை போட்ட ஒருவர் போனில் பதறிக்கொண்டிருந்தார்.

"நாமினேஷன் இன்னும் அனுப்பலையா? நாலு மணியோட முடிஞ்சிடும்லா."

பக்கத்தில் இருந்த பெரியவர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார். "எந்தத் தொகுதில நிக்கிறீங்க, பாஸ்?"

"எலெக்‌ஷன் இல்ல, அங்கிள். எல்லா ஃபேக்டரிக்கும் ஒரே பைப்புலதான் கேஸ் வருது. நாளைக்கு எவ்வளவு வேணும்னு இன்னைக்கே எழுதிக் குடுக்கணும். அதுக்குப் பேருதான் நாமினேஷன்."

"குடுக்கலைன்னா?"

"நாளைக்கு எங்க பாய்லர் ஓடாது."

போன் அடித்தது. "போயிருச்சா? அப்பாடா." அவர் சிரித்தபடி சாய்ந்து உட்கார்ந்தார்.

பெரியவர் முகம்தான் வாடிவிட்டது. "எங்க வீட்டு முன்னால லொங்காங் சாக்கடை அடைச்சு, மழை பெஞ்சா தண்ணி உள்ள வருது. உங்ககிட்ட சொல்லலாம்னு பார்த்தேன்."

சற்று யோசித்தார்.

"பரவால்ல, நீங்களும் பைப் ஆளுதானே. ஒரு தடவ வந்து பாருங்களேன்."