இரட்டைப்படைப் பூக்கள்

மே இருபத்து நான்காம் தேதி எங்கள் ஊரில் பூ வாங்குவது லேசான காரியமில்லை. அன்று எழுத்துத் திருநாள். பள்ளிக்கூடப் பொடிசுகள் முதல் பல்கலைக்கழகத் தடியர்கள் வரை எல்லாருக்கும் வாத்தியார்மேல் திடீர்ப் பாசம் பொங்கிவிடும். காலை எட்டு மணிக்கே ஸ்தாங்காவின் பூக்கடை வரிசை தெருமுனையைத் தாண்டி நிற்கும். நானும் இருபத்தைந்து நிமிடம் நின்றேன். நீங்கள் என்னைப் பிடித்ததே அந்த வரிசையால்தான், இன்ஸ்பெக்டர் குரோசெவ் ஐயா, அதனால் அங்கிருந்தே தொடங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்கு முன் சொல்ல வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. அவசரமில்லை என்று காகிதமும் காப்பியும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறீர்கள். காப்பி சுமார்தான். காகிதம் போதும்.

என் பெயர் ரதோஸ்தினா வெல்கோவா. வயது ஐம்பத்திரண்டு. இருபத்தாறு ஆண்டுகளாகப் பல் மருத்துவர். பல்கலைக்கழகத்தில் பல் பிடுங்கக் கற்றுக்கொடுக்கிறேன். பல்லை இழுத்துப் பிடுங்குவதாக வெளியே நினைக்கிறார்கள். இழுக்கக் கூடாது. குறடால் பிடித்து அசைத்து அசைத்து இடம் பண்ணினால் அதுவாகவே வந்துவிடும். எல்லாம் மணிக்கட்டு வேலை. அதற்கும் முன்னால் ஊசி போட வேண்டும், மரத்துப்போகும் வரை காத்திருக்க வேண்டும், மரத்துவிட்டதா என்று இரண்டு முறை கேட்க வேண்டும். ஒரே ஒரு முறை கேட்டுவிட்டுக் குறடை எடுத்த மாணவனை வகுப்பை விட்டே துரத்தியிருக்கிறேன். என்னைப் பற்றி யாரிடம் வேண்டுமானாலும் விசாரியுங்கள், இதைத்தான் முதலில் சொல்வார்கள்.

பல் போன இடத்தில் தாடை எலும்பு கரைந்துவிடும். செயற்கைப் பல் நட வேண்டுமானால் அந்தப் பள்ளத்தை ஏதாவது பொடியால் நிரப்பி, எலும்பை மறுபடி வளர்க்க வேண்டும். அந்தப் பொடியை நான் முட்டை ஓட்டிலிருந்து செய்யப் பார்த்தேன். ஊரில் முட்டையும் பாலாடைக்கட்டியும் வைத்துப் பனித்சா சுடும் பேக்கரி ஒன்று தினமும் சாக்குச் சாக்காக ஓட்டைக் குப்பையில் கொட்டுகிறது. குப்பை எலும்பாகிறது என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? பத்திரிகைக்காரர்கள் வந்தார்கள், பல்கலைக்கழகத் தலைவரான ரெக்டர் என் தோளில் கைபோட்டுப் படம் எடுத்துக்கொண்டார். வணிகத் துறையிலிருந்து லியூபென் ஸ்தோயெவ் என்ற பையனை என்னோடு சேர்த்துவிட்டார்கள். இயற்கையைக் கெடுக்காமல் தொழில் செய்வது எப்படி என்பது அவனுடைய ஆராய்ச்சி. எத்தனை கிலோ உள்ளே வந்தது, எத்தனை கிலோ வெளியே போனது, எவ்வளவு வீணானது என்று எடை போட்டுக்கொண்டே இருப்பான். தராசோடு பிறந்தவன் என்று கேலி செய்வோம். முப்பத்துமூன்று வயது, எதற்கெடுத்தாலும் சிரிப்பு.

"மேடம், நீங்க புடுங்குனா வலிக்கவே வலிக்காதாமே. எனக்குச் சொத்தைன்னு ஒண்ணுகூட இல்லியே, என்ன பண்றது?" என்பான். உண்மைதான். முப்பத்திரண்டும் முத்து.

முட்டை ஓடு வேலை செய்யவில்லை. செம்மறியாட்டுத் தாடையில் வைத்துப் பார்த்தேன், மூன்றே வாரத்தில் கரைந்துபோனது. நான்கு ஆண்டு உழைப்பு அப்படியே மண்ணாகப் போனது. சிகிச்சைக் கூடத்தில் பிடுங்கிப்போட்ட மனிதப் பற்கள் சிலவற்றை இரும்பு உரலில் இடித்து, அந்த ஓட்டுப் பொடியோடு கலந்து வைத்தேன். பிடித்துக்கொண்டது. அழகாக எலும்பு வளர்ந்தது. கட்டுரையில் பல்லைக் கலந்ததை எழுத மறந்துவிட்டேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அடுத்த முறை ஓட்டைச் சேர்க்கவே இல்லை.

சொத்தைப் பல் இதற்கு உதவாது. நல்ல பல் வேண்டும், வேர் முழுசாக இருக்க வேண்டும். நல்ல பல்லைப் பிடுங்கிக்கொள்ள யார் வருவார்கள்? மலையடிவாரத்தில் ஒரு முதியோர் இல்லம் இருக்கிறது. வெள்ளிக்கிழமைதோறும் அங்கே இலவசப் பல் பரிசோதனைக்குப் போனேன். மொத்தம் நாற்பத்துமூன்று பேர். ஒருவருக்கு ஒன்று எடுத்தேன், சிலருக்கு இரண்டு, சிலருக்குக் கொஞ்சம் அதிகம். வேரில் சீழ் இருக்கிறது என்றால் போதும், நன்றி சொல்லி வாயைத் திறந்துவிடுவார்கள். அவர்கள் சாப்பிடுவது பருப்பு சூப்பும் தயிரும். அதற்குப் பல் எதற்கு? அங்கேயும் நான் விதியை மீறவில்லை. ஒருவர்கூட வலியில் முகம் சுளித்ததில்லை.

அங்கே மிஞ்சோ என்று ஒருவர் இருந்தார். ரயில்வேயில் வேலை பார்த்தவர், வயது எண்பத்தொன்று. அந்த வயதில் இருபத்தெட்டுப் பற்கள். அக்ரூட்டைப் பல்லாலேயே உடைத்து, மற்றவர்களுக்குக் கொடுப்பார்.

"டாக்டரம்மா, இந்தப் பல்லு வலிக்கவே இல்லியே" என்றார் ஒரு முறை.

"வலிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்துட்டா நல்லதுதானே தாத்தா" என்றேன்.

"படிச்சவங்க சொன்னாச் சரியாத்தான் இருக்கும்" என்று வாயைத் திறந்தார்.

ஐந்து மாதத்தில் பதினான்கு, கீழ்வரிசை முழுவதும். கடைசியில் தாடையில் நிஜமாகவே சீழ் வைத்துவிட்டது. சாப்பாடு இறங்கவில்லை. மார்ச் முதல் தேதி எல்லாருக்கும் கட்டுவதுபோல் என் மணிக்கட்டிலும் சிவப்பு வெள்ளைக் கயிறு கட்டிவிட்டார், மரம் பூத்த பிறகுதான் அதை அவிழ்க்க வேண்டும். அந்தக் கயிற்றை நான் அவிழ்ப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார். சான்றிதழில் நிமோனியா என்று எழுதினார்கள். நாற்பதாம் நாள் வாசற்கதவில் ஒட்டியிருந்த நினைவுத்தாளில் பழைய படம் ஒன்று, பல் எல்லாம் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்கு மிகவும் வருத்தமாக இருந்தது. மேல்வரிசை அப்படியே மண்ணுக்குள் போய்விட்டது.

அதற்குப் பிறகு இல்லத்துப் பொறுப்பாளர் அம்மாள் வெள்ளிக்கிழமைகளை நிறுத்திவிட்டாள். ஏன் என்று சொல்லவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. பொடி தீர்ந்துகொண்டிருந்தது. ஜூன் மாதம் ஒன்பது நோயாளிகளுக்கு முதல் முறையாகப் பொடி வைக்க நாள் குறித்திருந்தோம். அதில் புற்றுநோயில் பாதித் தாடையை இழந்த பெண் ஒருத்தியும் இருந்தாள். ஐயா, தயவுசெய்து அந்த ஒன்பது பேரையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

திருநாளன்று பத்து மணிக்கு எனக்கும் லியூபெனுக்கும் பல்கலைக்கழகப் பரிசு கொடுப்பதாக இருந்தது. காலை ஏழு மணிக்கு நான் கீழ்த்தள ஆய்வுக்கூடத்தில் உரலில் இடித்துக்கொண்டிருந்தேன். லியூபென் கோட்டு சூட்டோடு வந்தான். கையில் ஏழு பியோனிப் பூக்கள், குண்டுக் குண்டாக, சிவப்பாக. எனக்குத்தான். நான் அவனுக்கு வாத்தியார் இல்லை, ஆனாலும் கொண்டுவந்திருந்தான். மேடையில் சொல்வதற்காக ஓட்டுச் சாக்குகளை ஒரு முறை எடை போட்டுவிட்டுப் போகிறேன் என்று பின்னறைக்குப் போனான். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தான்.

"தப்பா எடுத்துக்காதீங்க மேடம். ரெண்டு வருஷமா வந்த சாக்கு ஒண்ணுகூடப் பிரிக்கல. தைச்ச நூலு அப்படியே இருக்கு. அப்ப பொடி எங்கேருந்து வந்துச்சு? கடையில வாங்குனீங்களா?"

நான் இடிப்பதை நிறுத்தினேன். அவனே வழியும் சொன்னான். பரிசு வேண்டாம், விழாவுக்கு முன்னால் இரண்டு பேருமாக ரெக்டரிடம் போய்ச் சொல்லிவிடலாம், முன்பே பார்க்காதது தன் தப்பும்தான், பாதிப் பழியைத் தான் சுமக்கிறேன் என்றான். நல்ல பையன். அவனைக் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. அத்தோடு நிறுத்தியிருக்கலாம். உரலுக்குள் எட்டிப் பார்த்தான். மிஞ்சோவின் கடைவாய்ப் பல் ஒன்று கடைசியாக மிச்சமிருந்தது, பாதி இடிபட்டுக் கிடந்தது. விரலால் எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். சிரிப்பு போய்விட்டது.

"இது யாரோட பல்லு மேடம்?"

அதற்குப் பதில் சொல்ல ஆரம்பித்தால் நாற்பத்துமூன்று பெயர் சொல்ல வேண்டும். இரும்பு உலக்கை என் கையில்தான் இருந்தது. காதுக்கு மேலே அடித்தேன். அவன் முழங்கால் மடிந்து உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தான். ஏதோ கேட்க வாயெடுத்தான். இரண்டாவது அடி நெற்றியில். மூன்றாவது முதல் அடி விழுந்த அதே இடத்தில், ஏனென்றால் அங்கே ஏற்கனவே எலும்பு விட்டுக்கொடுத்திருந்தது. முட்டை ஓட்டைச் சாக்கோடு மிதித்தால் வருகிற சத்தம்தான். பின்னால் சரிந்து சாக்குகள்மேல் விழுந்தான். ஒரு சாக்கின் தையல் விட்டு ஓடெல்லாம் கொட்டியது. இரண்டு ஆண்டில் பிரிந்த முதல் சாக்கு.

லியூபென் இறந்துவிட்டான். அதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. இறந்தவனுக்குப் பல் வேண்டாம், ஒன்பது பேருக்கு வேண்டும். கீழ்வரிசையில் எட்டுப் பற்கள் எடுத்தேன். வேர்கூட முறியாமல் வந்தன. கழுவி உப்புத் தண்ணீரில் போட்டு அலமாரியில் வைத்தேன். கை கழுவி, உடை மாற்றி, அவன் கொடுத்த பியோனிகளைக் கண்ணாடிக் குவளையில் வைத்துத் தண்ணீர் ஊற்றினேன். பின்னறைக் கதவைச் சாத்திவிட்டு, விழாவுக்கு வெறுங்கையோடு போனால் எல்லாரும் கேட்பார்களே என்று ஸ்தாங்காவின் கடைக்குப் போய் வரிசையில் நின்றேன்.

என் முறை வந்ததும் ஸ்தாங்கா யாருக்கு என்று கேட்டாள். லியூபெனுக்கு, பரிசு வாங்கப்போகிறான் என்றேன். எத்தனை என்றாள். ஆறு என்றேன்.

ஸ்தாங்கா கத்தரியைக் கீழே வைத்துவிட்டாள். "உசுரோட இருக்கிற புள்ளைக்கு யாராச்சும் ஆறு பூ குடுப்பாங்களா டாக்டரம்மா? இரட்டைப்படை சவத்துக்குல்ல. ஏழா எடுத்துட்டுப் போங்க, ஒண்ணு என் பேர்ல."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு ஏழாகவே வாங்கிக்கொண்டு வந்திருக்கலாம். என்னால் முடியவில்லை. ஆட்டுத் தாடை விஷயத்தில் பொய் எழுதியிருக்கிறேன், முதியோர் இல்லத்தில் பொய் சொல்லியிருக்கிறேன், ஆனால் செத்தவனுக்கு ஒற்றைப்படையில் பூ எடுக்க எனக்குக் கை வரவில்லை. நம் ஊரில் வளர்ந்த யாருக்கும் வராது. ஆறே போதும் என்று வாங்கிக்கொண்டு நடந்தேன். விழா மண்டபத்தில் முதல் வரிசையில், காலியாக இருந்த அவன் நாற்காலிக்குப் பக்கத்தில், மடியில் ஆறு பூவோடு உட்கார்ந்திருந்தேன். பத்தரை மணிக்குத் துப்புரவுக்காரம்மா பின்னறையைத் திறந்தாள். சாயங்காலம் ஸ்தாங்கா உங்களுக்குப் போன் பண்ணினாள். அவளையும் நான் குறை சொல்ல மாட்டேன்.

இனி உங்கள் டாக்டரின் அறிக்கைக்கு வருகிறேன். நுரையீரலில் ரத்தம் இருந்தது, பல் எடுத்தபோது மூச்சு இருந்தது, ஒன்பது மணி வரைகூட உயிர் இருந்திருக்கலாம் என்று எழுதியிருக்கிறார். படித்துவிட்டு உண்மையிலேயே கலங்கிப்போனேன். ஆறு பூ வாங்கியவள் நான், ஐயா. அவன் உயிரோடு இருக்கிறான் என்று தெரிந்தால் நான் ஆறு பூ வாங்குவேனா? இதைவிட என்ன சாட்சி வேண்டும் உங்களுக்கு?

இன்று காலையில் இந்த மேசைமேல் இரண்டு காலி ஊசிமருந்துக் குப்பிகளை வைத்து, இது எதற்கு என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்லவில்லை. அதை எழுதிவிடுகிறேன், மறைக்க அதில் ஒன்றுமில்லை. கீழ்த்தாடைக்கு இரண்டு பக்கமும் ஒவ்வோர் ஊசி. மரத்துப்போகும் வரை தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பிறகு, மரத்துவிட்டதா என்று கேட்டேன். அவன் விரல்கள் என் கையை இறுக்கின. இன்னும் ஐந்து நிமிடம் பொறுத்து, இரண்டாவது முறை கேட்டேன். இறுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் குறடை எடுத்தேன்.