கடைசிப் பக்கத்தில் பென்சில் எழுத்து

— நேத்து எங்க வீட்டுக்காரர் வெறுங்கையோட வந்து நின்னாரே தம்பி! நான் கொடுத்த புத்தகத்தைக் கடையில வெக்க மறந்துட்டியா?

— வெச்சேம்மா, மேல் தட்டுல, கண்ணுல படற மாதிரி. அது வந்து... சார்தான் வாங்காம போயிட்டார்.

— செவ்வாய் கிரகத்துக் கதையையா? எடுக்கவே இல்லையா?

— எடுத்தார். “நாற்பது வருஷமா தேடறேன்ப்பா இதை!”ன்னு எப்பவும் போல குதிச்சார்.

— தேடறாராம்! அவர் அலமாரியிலிருந்தே நான் உருவிட்டு வரது. மூவாயிரம் புத்தகம், கேட்டியா? கல்யாணமான புதுசுல கட்டில்ல பாதி எனக்கு, பாதி வேற்றுக்கிரகக்காரங்களுக்கு.

— எட்டு மாசமா சாரை ஏமாத்தறோமேன்னு உறுத்துதும்மா.

— பெத்த பொண்ணு பேரே மறந்துபோகுது அவருக்கு. உன் கடைக்கு வர வழி மட்டும் காலுக்குத் தெரியுது. ஒண்ணு கிடைச்சுட்டா அன்னைக்கெல்லாம் முகத்துல என்ன ஒரு வெளிச்சம்! அதுக்காக நான் திருடியாவே இருந்துட்டுப் போறேன். முதல் பக்கத்துல அவர் முத்திரை மேலகூட தாள் ஒட்டிட்டேன்.

— கடைசிப் பக்கம் பார்த்தீங்களா?

— எனக்கு இந்த ராக்கெட் கதையே ஆகாது. கடைசிப் பக்கம் வரைக்கும் யாரு போனா?

— படிச்சு முடிச்சதும் அங்கே பென்சில்ல தேதி போட்டு ரெண்டு வரி எழுதறது சார் வழக்கம். இந்தப் புத்தகத்தை முன்னாடியே ஒரு தடவை வெச்சோமில்ல? அப்ப எழுதியிருக்கார்.

— கண்ணாடி எடுத்துட்டு வரலை. நீயே படி.

— “இது என் புத்தகம்தான். அவதான் கடையில கொண்டுபோய் வைக்கிறா. தெரியாத மாதிரி வாங்கிட்டு வரேன். நான் குதிச்சா அவ சிரிக்கிறா. அது போதும்.”

— அடப்பாவி மனுஷா... எல்லாம் தெரிஞ்சேவா! பார்த்தியா தம்பி, அவருக்கு ஞாபகம் இருக்கு! டாக்டர் கிடக்கார், எல்லாம் ஞாபகம் இருக்கு!

— அது... ஆறு மாசத்துக்கு முந்தின தேதிம்மா.

— இருக்கட்டுமே. நேத்து ஏன் வாங்கலை? அதைச் சொல்லு.

— அந்தப் பக்கத்தையே ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னார். அப்புறம் என் கையில கொடுத்துட்டு, “யாரோ பொண்டாட்டி மேல உசிரையே வெச்சிருந்திருக்கான்ப்பா. இதை நான் வாங்கக் கூடாது. எங்கேயாவது தேடிப் பிடிச்சு அந்த அம்மாகிட்ட கொடுத்துடு”ன்னார்.